குவாச்சி முளைக்குமா?

"அம்மா, குவாச்சியை நட்டா என்ன வரும்?"

வானொலி நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், "சூரியகாந்தி வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மகள் நம்பிவிட்டாள். பாக்கெட்டிலிருந்து பத்து விதைகளைத் தொட்டியில் புதைத்து, இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றும் முளைக்கவில்லை. "அம்மா பொய் சொன்னாங்க" என்று பாட்டியிடம் புகார் வேறு!

தவறு என்னுடையதுதான். குவாச்சி, உப்புப் போட்டு வறுத்த விதை. வறுத்தது முளைக்காது. பிறகு வளர்ப்புப் பிராணிகள் கடையில் வெள்ளெலிக்கு விற்கும் வறுக்காத, ஓட்டோடு உள்ள விதையை வாங்கி, நல்ல வெயில் படும் இடத்தில் நட்டோம். ஆறாம் நாள், ஓட்டைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு முளை எட்டிப் பார்த்தது.

இரண்டு மாதத்தில் பூத்தது. அது ஒரே பூ அல்ல. நடுவில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். ஒரு குட்டிப் பூவுக்கு ஒரு விதை. பருப்பை வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கச் சொன்னேன். எண்ணெய்க் கறை படிந்தது.

"இதுலதான் பாட்டி வடை சுடுறாங்களா?"

தலை காய்ந்ததும் விதைகளை உதிர்த்தோம். பத்தை மட்டும் தனி போத்தலில் போட்டு, மேலே அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'வறுக்கக் கூடாது.'