சொல்லின்றி ஒரு வீரவணக்கம்!

சனவரி 25! மொழிப்போர் ஈகியரை ஆண்டுதோறும் நாம் வணங்கி நிற்கும் நாள். 1939-ல் சிறைப்பட்டு மாண்ட நடராசன், தாளமுத்து. 1964-ல் திருச்சியில் தீயில் வெந்த கீழப்பழுவூர் சின்னச்சாமி. அடுத்த ஆண்டில் நம் கொங்கு நாடு கொடுத்த சத்தியமங்கலம் முத்து, நஞ்சுண்டு மாண்ட பீளமேடு தண்டபாணி! பெயர்களைச் சொல்லும்போதே நெஞ்சு விம்முகிறது. மாலை சூட்டுகிறோம், முழங்குகிறோம், கலைகிறோம். அது போதுமா என்று கேட்கிறோம்.

போதாது! காங்கேயத்து மேடையிலே, அவர்களுக்கென்றே ஆக்கிய இசையொன்று எழவேண்டும். நான்கு சாக்சபோன்கள் சேர்ந்து ஊதும், சொல்லில்லாத இரங்கலிசை!

"சாக்சபோனா? அது மேல்நாட்டுக் கருவியாயிற்றே!" என்பர் சிலர். ஆம், பெல்ஜிய நாட்டு அடால்ப் சாக்ஸ் என்பவர் 1846-ல் பாரிசிலே காப்புரிமை பெற்ற கருவிதான். ஆனால், அதனை ஊதிப் பார்த்தவனைக் கேளுங்கள்! உடல் பித்தளை, உயிரோ நாணல் சீவல். நம் நாகசுரத்தின் சீவாளிக்கு அது தூரத்து உறவு! கதிரி கோபால்நாத் யார்? நாகசுரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டிலே அக்கருவியைக் கண்டு மயங்கி, நம் இசைக்கு அதை வளைத்தார். 1994-ல் 'டூயட்' படத்திலே அவர் ஊதியதைக் கேட்டு உருகாத ஊர் உண்டா? 2019-ல் அவர் மறைந்தார். கருவியை நமதாக்கிவிட்டுத்தான் மறைந்தார்!

"தமிழுக்காக மாண்டவர்க்குத் தமிழ்ச்சொல் இல்லாத இசையா?" இது நல்ல கேள்வி; விடை சொல்லியாக வேண்டும். 1963 செப்டம்பர் 15. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்காம் நகரம். கருப்பர் தொழும் கோயிலிலே வெள்ளை வெறியர் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11! இரண்டே மாதத்தில் ஜான் கோல்ட்ரேன் என்ற கருப்பினக் கலைஞர் சாக்சபோனை எடுத்தார். 'அலபாமா' என்று பெயரிட்டு ஓர் இசையைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல் இல்லை, வசை இல்லை, வஞ்சினம் இல்லை. ஆனாலும், ஆங்கிலம் அறியாதவனும் அதைக் கேட்டால் தலை கவிழ்கிறான். தமிழ் அறியாதவனும் நம் துயரை அறியட்டும் என்பதற்காகவே சொல்லில்லா இசை கேட்கிறோம்!

இது நமக்குப் புதிதுமன்று. மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்தது. சாவு வீட்டிலே நெய்தற்பறை முழங்கியதைப் புறநானூறு காட்டும். இரங்கலுக்கென்றே விளரி என்னும் பண் வைத்திருந்தான் தமிழன். புலியோடு பொருது மாண்டவனுக்குப் புலிகுத்திக் கல் நட்ட கொங்கு மண், மொழிக்காக மாண்டவனுக்கு இசையால் ஒரு கல் நடக்கூடாதா?

எப்படி அமையலாம் அது? நால்வகைச் சாக்சபோன் உண்டு: குரல் மெலிந்த சோப்ரனோ, அதனினும் தாழ்ந்த ஆல்டோ, கனத்த டெனார், அடியிலே உறுமும் பாரிடோன். பாரிடோன், நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கட்டும். மற்ற மூன்றும் ஒன்றையொன்று அழைக்கட்டும், அழுதபின் நிமிரட்டும். இறுதியிலே பறை சேரட்டும். ஒப்பாரியாகத் தொடங்குவது அணிவகுப்பாக முடியட்டும்!

யார் ஊதுவது? இங்கேதான் இருக்கிறது செய்தி! நம் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசிக்கும் தோழர்கள்தாம் ஊதவேண்டும். வெயிலிலே ஊர்வலத்தின் முன்னே நடப்பவன் அவன்; பந்தியிலே கடைசியில் உட்காருபவனும் அவனே! செட்டிநாட்டுத் திருமண ஊர்வலத்திலே, நாகசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போடக்கூடாது என்று ஆதிக்கக்காரர் அதட்டினர். துண்டை எடுக்காதே என்று துணை நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி! அந்த மரபில் வந்தவர்கள் நாம். கலையைக் கேட்டுக் கலைஞனைத் தள்ளி வைப்பது தன்மானம் ஆகுமா?

ஆகவே, காங்கேயத்து எண்ணெய் ஆலையிலும் அரிசி ஆலையிலும் கொப்பரைக் களத்திலும் உழைக்கும் தோழர்களே! கிளைக் கழகம் கூடும்போது இதனைப் பேசுங்கள். உங்கள் ஊர் பேண்டுக்காரரை அழையுங்கள். உரிய கூலியை முன்னதாகக் கொடுங்கள். பழகுவதற்கு நாள் கொடுங்கள். தெருமுனையில் நிறுத்தாதீர், மேடையிலே நாற்காலி போடுங்கள். ஆக்கியவன் பெயரைச் சுவரொட்டியிலே, பேச்சாளர் பெயருக்கு மேலே அச்சிடுங்கள்!

அவர்கள் ஊதி முடிக்கும்வரை நாம் பேசாதிருப்போம். பேச்சாலே வளர்ந்த இயக்கம், தன் வீரர்களுக்காகச் சற்று நேரம் வாய்மூடிச் செவி திறக்கட்டும்!