சதைக்குள் ஒரு துளி நல்லெண்ணெய்

மனநோய்க்குப் போடும் ‘மாத ஊசி’க்குள் நல்லெண்ணெய் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? புளூபெனசின் டெக்கனோயேற் என்ற மருந்தைச் சுத்திகரித்த எள்ளெண்ணெயில்தான் கரைத்து வைத்திருக்கிறார்கள். மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம். அதன் பங்காளியான புளூபென்திக்சோல் ஊசிக்குத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய்.

மருந்தோடு ஒரு கொழுப்பமில வாலை ஒட்டிவிடுகிறார்கள். வால் இருக்கும்வரை அது எண்ணெயை விட்டு லேசில் பிரியாது. இடுப்புச் சதையில் தங்கிய துளியிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கசியும். கசிந்ததன் வாலை நொதிகள் நறுக்க, விடுபட்ட மருந்து மூளையின் டோபமின் ஏற்பிகளில் போய் உட்காரும். காதில் கேட்கும் குரல்கள் தணியும். இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஓர் ஊசி போதும்.

அந்த வாலின் அருமை மாத்தளை மாவட்டத்தில்தான் புரியும். லக்கலையிலிருந்து மாத்தளை நகருக்கு வர ரிவர்ஸ்டன் மலையைக் கடக்க வேண்டும். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய், மகனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பேரை இழக்கலாம், நாலு நாள் பேரை இழக்க முடியுமா?

முன்பெல்லாம் கோடாங்கி பார்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி. அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பின், 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைதான் சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவ அதிகாரிகள் வெளி ஊர்களுக்குப் போனார்கள். இலங்கை செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்ப்பேன்.

ஆனால் தூரம் குறைந்தாலும் மொழி குறுக்கே நிற்கிறது. இந்த ஊசிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: சிலருக்கு உட்கார முடியாத தவிப்பு வரும், கால் ஓயாமல் நடக்கும். ‘உள்ளுக்குள்ள ஒரே பறப்பா இருக்குங்க ஐயா’ என்று தமிழில் சொல்வதைச் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் நோய் முற்றியதாக எடுத்துக்கொண்டால் மருந்தின் அளவு கூடும், தவிப்பும் கூடும். மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்திவிடலாம். சதைக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது தீரும்வரை, கிழமைக்கணக்கில், அந்த மனிதர் லயத்து வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டேயிருப்பார்.