புரோத்தன் பாயும், புளிப்பு நகராது

தேயிலை அமில மண்ணில் வளரும் செடி. பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்கு ஒத்துப்போகும். அதைவிடக் கீழே இறங்கிய மலைகளுக்குக் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் தூவுகிறார்கள். அந்தப் புளிப்பைத் தரும் புரோத்தனுக்கு நிகரான வேகத்தில் தண்ணீரில் மின்னைக் கொண்டுபோகும் அயன் வேறில்லை. 25 பாகை செல்சியசில் சோடியத்தைப் போல் ஏழு மடங்கும் பொற்றாசியத்தைப் போல் ஐந்து மடங்கும் அது கடத்துகிறது. மற்ற அயன்கள் தம்மைச் சூழ்ந்த நீரையும் இழுத்துக்கொண்டு முட்டிமோதிப் போக வேண்டும். புரோத்தனுக்கோ ஐதரசன் பிணைப்பே பாதை. ஒரு நீர் மூலக்கூறில் மிகையாக ஒட்டியிருப்பது அந்தப் பிணைப்பின் வழியே அடுத்ததற்குத் தாவும். தாவிய இடத்திலிருந்து வேறொரு புரோத்தன் அதற்கும் அடுத்ததற்குப் போகும். முதலில் தாவியது அதிகம் இடம் மாறாமலே மின்னேற்றம் வெகுதூரம் போய்விடுகிறது. ஒரு தாவலுக்கு ஆகும் நேரம் வினாடியின் இலட்சம் கோடியில் ஒன்றரைப் பங்குதான். அதிலும் பெரும்பகுதி, பக்கத்து மூலக்கூறு தன் பழைய பிணைப்பொன்றை அறுத்துக்கொண்டு இடம்விடுவதற்கே போகிறது. நீரின் சூத்திரமே தெளிவாகாத 1806ஆம் ஆண்டில் இரசாயனவியலாளர் குரொத்தஸ் இப்படியொரு கைமாற்றத்தை ஊகித்தது இன்றும் வியப்பூட்டுகிறது.

இவ்வளவு வேகமானது என்றால், மேலே தூவிய டொலமைட்டை நோக்கி ஆழத்துப் புரோத்தன்கள் ஓடிவந்து தீர்ந்துபோக வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நேரேற்றம் தனியே புறப்பட முடியாது. கூடவே ஓர் எதிரயன் வரவேண்டும், அல்லது கல்சியம் போன்ற நேரயன் எதிர்த்திசையில் இறங்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அந்த மெதுவான துணைதான் பயணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மேலும், பீ.எச். 4.5 உள்ள மண்ணீரில் லீற்றருக்கு 0.03 மில்லிமூல் அளவு புரோத்தனே கட்டற்று இருக்கிறது. மிகப் பெரிய பங்கு களித்துணிக்கைகளிலும் மக்கிலும் ஒட்டியிருக்கிறது. களியில் ஒட்டிய அலுமினியமும் நீருடன் சேர்ந்து புதிதாகப் புரோத்தனை விடுகிறது. கரைசலில் உள்ளதை நீக்க நீக்க, இந்த இருப்பு அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இருப்பைப் பெருக்குவதில் உரத்துக்கும் பங்குண்டு. மண்ணின் பற்றீரியாக்கள் ஓர் அமோனியம் அயனை நைத்திரேற்றாக்கும்போது இரண்டு புரோத்தன்கள் வெளிவருகின்றன. அந்த நைத்திரேற்றை வேர் உறிஞ்சினால் ஒன்று ஈடாகிவிடும். மழை சரிவில் அதைக் கல்சியத்தோடும் மகனீசியத்தோடும் அடித்துச்சென்றால் இரண்டும் மண்ணிலேயே தங்கும். எனவே அடைமழைக்கு முன் உரமிடுவது பண நட்டம் மட்டுமல்ல, அமிலச் சேமிப்புமாகும். பீ.எச். மானி காட்டுவது ஓடித்திரியும் சிறுபகுதியைத்தான். ஆகவே மண் மாதிரி எடுக்கும்போது மக்கின் அளவையும் சேர்த்துப் பார்ப்பதே முறை: ஒரே 4.2 காட்டும் இரண்டு மலைகளில், மக்கும் களியும் மிகுந்ததற்கு மற்றதைவிட அதிக டொலமைட் தேவைப்படும்.