ஒப்பனைப் பெட்டியில் இல்லாத நிறம்

1966ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டனின் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ் 16 வயதுப் பெண் ஒருவரின் படத்தை வெளியிட்டு, இந்த ஆண்டின் முகம் இதுதான் என்று அறிவித்தது. ஒட்ட வெட்டிய முடி, மெலிந்த உடல், கீழ் இமையில் ஒவ்வொன்றாக மையால் வரைந்த முடிகள். லெஸ்லி ஹார்ன்பி என்ற அந்தப் பெண்ணை உலகம் 'ட்விக்கி' என்று அழைத்தது. சுள்ளிபோல் இருக்கிறார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

அறுபதுகளின் ஃபேஷன் என்றதும் இன்றும் நம் கண்முன் வருவது அந்த முகம்தான். அந்தக் காலத்துக் காற்று இந்தப் பக்கமும் வீசாமல் இல்லை. நம் பாட்டிமாரின் பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கொண்டையை உயர்த்திப் போட்டு, கண்ணுக்கு வால் வைத்து மை தீட்டிய படம் ஒன்றாவது இருக்கும்.

ஆனால், ட்விக்கி அறிமுகமான அடுத்த மாதமே அதே லண்டனில் இன்னொரு முகமும் வெளிவந்தது. பிரிட்டிஷ் 'வோக்' இதழின் 1966 மார்ச் அட்டைப்படத்தில் இருந்தவர் டோனியேல் லூனா. அந்த அட்டைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். படம் எடுத்தவர் புகழ்பெற்ற டேவிட் பெய்லி.

அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். லூனாவின் விரல்கள் விரிந்து முகத்தின் பெரும்பகுதியை மறைக்கின்றன. மை தீட்டிய ஒரு கண்தான் நம்மைப் பார்க்கிறது. மூக்கும் உதடும் கைக்குப் பின்னால். அழகான படம்தான். ஆனாலும் ஒரு கேள்வி எழாமல் போவதில்லை. வேறு ஒருவராக இருந்திருந்தால் முகம் முழுதாகத் தெரிந்திருக்குமோ?

ட்விக்கியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதே இருபது ஆண்டுகளில் கருத்த தோலோடு அந்த உலகத்துக்குள் நுழைந்த பெண்களைப் பற்றி நம் வீடுகளில் பேசியது குறைவு. உண்மையில், அவர்கள் கதைதான் நமக்கு நெருக்கமானது.

ஓவியமாக மட்டும் வந்தவர்

லூனாவின் இயற்பெயர் பெகி ஆன் ஃப்ரீமேன். 1945இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். 1965 ஜனவரியில் 'ஹார்பர்ஸ் பஸார்' இதழின் அட்டையில் அவர் இடம்பெற்றார். ஆனால் புகைப்படமாக அல்ல, ஓவியமாக. வரைந்திருப்பது எந்த இனத்துப் பெண் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது.

அதே ஆண்டு அவருடைய புகைப்படங்கள் உள்பக்கங்களில் வெளியானபோது, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சிலர் சந்தாவையே நிறுத்திக்கொண்டார்கள். விளம்பரதாரர்களும் முகம் சுளித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் லூனா லண்டனுக்குப் புறப்பட்டார். அங்கேதான் 'வோக்' அட்டை கிடைத்தது. 1979இல், 33 வயதில், ரோம் நகரில் அவர் காலமானார். அவருடைய பெயர் நெடுங்காலம் மறந்தே கிடந்தது.

தபாலில் போன தொலைபேசி எண்

நியோமி சிம்ஸின் பாதை வேறு. மிசிசிப்பியில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர். படிப்பதற்காக நியூயார்க் வந்தார். கைச்செலவுக்கு மாடலிங் செய்யலாம் என்று முகவர்களைத் தேடிப் போனார். ஒவ்வொரு வாசலிலும் மறுப்பு. நிறம் மிகவும் கருப்பு என்று நேராகவே சொன்னவர்களும் உண்டு.

அவர் முகவர்களை விட்டுவிட்டு நேரே புகைப்படக் கலைஞரிடம் போனார். கோஸ்டா பீட்டர்சன் எடுத்த அவருடைய படம் 1967 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் ஃபேஷன் இணைப்பு அட்டையில் வந்தது. இனியாவது வாய்ப்பு வரும் என்று நினைத்தார். வரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை. சொந்த முகவர் நிறுவனம் தொடங்கியிருந்த வில்ஹெல்மினா கூப்பரிடம் போய், 'இந்த இணைப்பின் பிரதிகளை விளம்பர நிறுவனங்களுக்கு நானே அனுப்புகிறேன். உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். யாராவது அழைத்தால் கமிஷன் உங்களுக்கு' என்ற ஏற்பாட்டைச் சொன்னார். வில்ஹெல்மினாவுக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அழைப்புகள் வந்தன. ஓர் ஆண்டுக்குள் சிம்ஸின் வருமானம் வாரத்துக்கு 1,000 டாலரைத் தொட்டது.

1968 நவம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழின் அட்டைக்கு வந்த முதல் கறுப்பின மாடல் அவர்தான். வீட்டுப் பெண்கள் சமையல் குறிப்புக்கும் தையல் குறிப்புக்கும் வாங்கிய பத்திரிகை அது. மறு ஆண்டு 'லைஃப்' இதழின் அட்டையிலும் அவர் முகம் வந்தது. இந்த முறை எந்தக் கையும் முகத்தை மறைக்கவில்லை.

வெர்சாய் அரண்மனையில் ஓர் இரவு

1973 நவம்பர் 28. பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் புதுப்பிக்க நிதி திரட்டும் ஃபேஷன் நிகழ்ச்சி. ஒரு பக்கம் இவ் செயின்ட் லாரன், ஜிவான்ஷி, பியர் கார்டன் போன்ற பிரெஞ்சு ஜாம்பவான்கள். மறுபக்கம் ஐந்து அமெரிக்க வடிவமைப்பாளர்கள். உயர்ந்த ஃபேஷன் என்றால் பாரிஸ்தான், அமெரிக்காவிடம் இருப்பது கடைத் துணி என்று உலகம் நம்பிய காலம்.

பிரெஞ்சுக்காரர்கள் வாத்தியக் குழு, பிரம்மாண்டமான அரங்க அமைப்பு என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிகழ்ச்சியை நீட்டினார்கள். அமெரிக்கர்களிடம் இருந்தது பதிவு செய்த இசையும் ஏறக்குறைய வெறுமையான மேடையும்தான். கொண்டுவந்த திரைச்சீலைகூட அளவுக் குழப்பத்தால் மேடைக்குப் பொருந்தவில்லை.

ஆனால் அவர்கள் அழைத்து வந்த 36 மாடல்களில் பத்துப் பேருக்குக் குறையாதவர்கள் கறுப்பினப் பெண்கள். பேட் கிளீவ்லேண்ட், பெத்தான் ஹார்டிசன், பில்லி பிளேர், ஆல்வா சின்... அவர்கள் மேடையில் வெறுமனே நடக்கவில்லை. இசையோடு சுழன்றார்கள், நின்றார்கள், முறைத்தார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்த அந்த நிகழ்ச்சி முடிந்ததும் பிரபுக்களும் சீமாட்டிகளும் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலை ஆகாயத்தில் வீசி ஆரவாரம் செய்தார்கள்.

அந்தப் பேட் கிளீவ்லேண்ட் ஒரு சபதத்தோடுதான் சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவை விட்டுப் பாரிஸுக்குப் போயிருந்தார். அமெரிக்க 'வோக்' இதழின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண் வரும்வரை அங்கே குடியிருக்கத் திரும்புவதில்லை என்ற சபதம். வெர்சாய் நிகழ்ச்சி நடந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1974 ஆகஸ்ட் இதழின் அட்டையில் பெவர்லி ஜான்சன் சிரித்துக்கொண்டிருந்தார். வக்கீலாக வேண்டும் என்று கல்லூரிக்குப் போன 21 வயதுப் பெண். கிளீவ்லேண்ட் ஊர் திரும்பினார்.

ஏன் முகம் சாம்பலாகிறது?

அட்டைப்படம் கிடைத்துவிட்டது. இனி எல்லாம் சரிதானே? இல்லை. அட்டைப்படத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒப்பனைக் கலைஞரின் பெட்டி.

சோமாலியாவைச் சேர்ந்த இமான் 1975இல் கென்யாவின் நைரோபியில் ஒரு புகைப்படக் கலைஞரின் கண்ணில் பட்டு நியூயார்க் வந்தார். அவர் ஆடு மேய்த்த பெண், ஆங்கிலம் தெரியாது என்று பத்திரிகைகளுக்குக் கதை கட்டினார்கள். உண்மையில் அவர் தூதர் ஒருவரின் மகள். பல்கலைக்கழக மாணவி. ஐந்து மொழிகள் அறிந்தவர். அவரது தொடக்கக் காலப் படப்பிடிப்பு ஒன்றில் ஒப்பனைக் கலைஞர் அவரிடம் கேட்ட கேள்வி, 'உங்களுக்கான பவுண்டேஷனை நீங்களே கொண்டுவந்திருக்கிறீர்களா?' உடனிருந்த வெள்ளை இனப் பெண்ணிடம் அப்படிக் கேட்கவில்லை. கையில் இருந்ததைப் பூசினார்கள். முகம் சாம்பல் பூத்தது.

இதற்குக் காரணம் எளிமையானது. வெளிர் தோலுக்காகத் தயாரித்த பவுண்டேஷனில் வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு அதிகம். அதைக் கருத்த தோலில் பூசினால் அழகு கூடாது, திருநீறு பூசியதுபோல் ஒரு படலம்தான் தெரியும். நம் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறமாகவும் கழுத்தும் கையும் வேறு நிறமாகவும் தெரிகிறதே, அதுவும் இதே கதைதான்.

புகைப்படச் சுருளும் ஒத்துழைக்கவில்லை. அந்நாளில் கோடாக் நிறுவனம் வண்ணப் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பும். அதில் இருப்பது வெள்ளை இனப் பெண்ணின் படம். அந்தப் பெண்ணின் தோல் சரியாகத் தெரிந்தால் எல்லா நிறமும் சரி என்று கணக்கு. கருத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி மங்கின. பின்னாளில் சுருளைத் திருத்த உதவியவை எவை தெரியுமா? சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்களின் புகார்கள். கரும்பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். சாக்லேட்டுக்குக் கிடைத்த கவனம் மனிதருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

தாங்களே கலக்கினார்கள்

இந்தப் பெண்களை நான் ஃபேஷன் ராணிகள் என்று மதிப்பது அட்டைப்படத்துக்காக மட்டுமல்ல. இல்லாத பொருளைத் தாங்களே செய்தார்கள் என்பதற்காக.

'எபனி' இதழை நடத்திய குடும்பத்தின் யூனிஸ் ஜான்சன் 1958 முதல் ஊர் ஊராக ஃபேஷன் நிகழ்ச்சி நடத்தி, அறப்பணிகளுக்கு நிதி திரட்டினார். மேடைக்குப் பின்னால் அவருடைய மாடல்கள் இரண்டு மூன்று புட்டிகளைக் கலந்து தங்கள் நிறத்தைத் தாங்களே தயாரிப்பதைக் கண்டார். பெரிய ஒப்பனை நிறுவனங்களிடம் கேட்டும் பயனில்லை. 1973இல் 'ஃபேஷன் ஃபேர்' என்ற சொந்த ஒப்பனைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

அதே 1973இல் நியோமி சிம்ஸ், புகழின் உச்சியில், மாடலிங் தொழிலை விட்டார். சந்தையில் இருந்த விக்குகள் எல்லாம் வெள்ளை இனப் பெண்களின் முடியைப்போல் இருந்தன. சிம்ஸ் தம் வீட்டுச் சமையலறை அடுப்பில் செயற்கை இழைகளைச் சூடாக்கிச் சூடாக்கிப் பார்த்து, கறுப்பினப் பெண்களின் முடிக்கு ஒத்த இழையைக் கண்டுபிடித்தார். அதுவே பெரிய வியாபாரமாக வளர்ந்தது.

இமான் அந்தச் சாம்பல் முகத்துக்குப் பிறகு தம் நிறத்துக்கான பவுண்டேஷனைத் தாமே கலந்துகொள்ளத் தொடங்கினார். 1994இல் அது சொந்த நிறுவனமானது. 2017இல் பாடகி ரியானா 40 நிறங்களில் பவுண்டேஷனை ஒரே நேரத்தில் கடைக்குக் கொண்டுவந்தபோது உலகமே வியந்தது. அந்த 40 நிறங்களுக்குப் பின்னால் இவர்களின் புட்டிகளும் அடுப்பும் இருக்கின்றன.

அதே ஆண்டுகளில் நம் பக்கம்

பெவர்லி ஜான்சனின் அட்டைப்படம் வந்தது 1974. அதற்கு அடுத்த ஆண்டு, 1975இல், இந்தியாவில் அறிமுகமானது 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம். அங்கே ஒரு கூட்டம் என் நிறத்துக்கு ஏற்ற பொருள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே பொருளுக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொள்ள நாம் வரிசையில் நின்றோம். அந்தக் கிரீமின் பெயரே 2020இல் மாறி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. நம் வாய் மாறியதா?

வானொலியில் அழகுக் குறிப்பு நிகழ்ச்சி போகும் நாள்களில் நேயர்களிடமிருந்து இன்றும் அதிகம் வரும் கேள்வி, 'வெள்ளையாக என்ன செய்யலாம்?' என்பதுதான். பெண் பார்க்கும் படலத்தில் 'கொஞ்சம் மாநிறம்தான், ஆனா களையான முகம்' என்று சொல்கிறோமே, அந்த 'ஆனா'வைக் கேட்டு வளராத தமிழ்ப் பெண் யார்? பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறத்துக்கு ஜோசியம் சொல்லும் பழக்கத்தை நாம் எந்தக் கிரீம் நிறுவனத்திடமிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை.

அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மகளின் கல்யாணத்துக்கு ஒப்பனைக் கலைஞரை ஏற்பாடு செய்யும்போது 'கொஞ்சம் வெள்ளையா காட்டுங்க' என்று சொல்லாதீர்கள். 'கழுத்து நிறத்துக்கு முகம் பொருந்தட்டும்' என்று சொல்லுங்கள்.

இளம் பெண்களுக்கு, கடைக்குப் போகும்போது ஒரு குறிப்பு. பவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுதான் உங்கள் நிறம்.

விற்பனைப் பெண் 'இதுதான் இருப்பதிலேயே அடர்த்தி' என்று ஒரு புட்டியைக் காட்டலாம். அது உங்களுக்குப் பொருந்தாவிட்டால், அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இன்னும் அடர்த்தியானது வேண்டும், வரவழைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டவர்களால்தான் அந்த அலமாரியின் வரிசை இவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது.