பாதுகாப்புக் கொள்கையும் நமது வாக்கும்

2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் இராணுவ ஆள்சேர்ப்புக்காகத் தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறான். "சாமி, நாட்டை யாரு பலமாக் காப்பாத்துறாங்களோ அவங்களுக்குத்தானே ஓட்டுப் போடணும்?" என்று கேட்டார். கேள்வி எளிது. பதில் அவ்வளவு எளிதன்று.

வாக்களிப்பதும் நாட்டைக் காப்பதும் குடிமக்களின் கடமை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2240). அமைதி வழிகள் அனைத்தும் பயனற்றுப் போனபின் தற்காத்துக் கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே ஏடு, ஆயுதப் போட்டி ஏழைகளைத் தாங்க முடியாத அளவுக்குக் காயப்படுத்துகிறது என்றும் எச்சரிக்கிறது ('இன்றைய உலகில் திருச்சபை', எண்கள் 79, 81). எனவே 'பலம்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு கட்சிகளை எடைபோட முடியாது.

முதலில் ஒரு தெளிவு. பாதுகாப்பு என்பது மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சட்டமன்றத் தேர்தல் மேடையில் எல்லைப் போரைப் பற்றி முழங்குபவர்களால் அதில் முடிவெடுக்க இயலாது.

அந்தத் தாய்க்கு மிக நெருக்கமானது அக்னிபத் திட்டம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் சேர்பவர்களுக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் 25 விழுக்காட்டினர் வரையே நிலைப்படுத்தப்படுவர். ஏனையோர் ஓய்வூதியமின்றி, ஒரு தொகையுடன் வீடு திரும்புவர். படையை இளமையாக வைத்திருக்க இது தேவை என்கிறது பா.ஜ.க. அரசு. இதை ஒழிப்போம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் கூறியது. ஓய்வூதியச் சுமை பொய்யன்று: 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய சுமார் 6.81 இலட்சம் கோடி ரூபாயில் ஏறத்தாழ 1.6 இலட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே போகிறது. ஆயினும் உயிரைப் பணயம் வைக்கும் இளைஞனுக்கு 25 வயதுக்குள் வேலை முடிந்துவிடுவது நீதியா என்பதையும் கேட்டாக வேண்டும். நமக்கு அது நீதியாகத் தோன்றவில்லை. வேறுவிதமாக நினைப்பவர்களும் நம் பங்கில் இருக்கிறார்கள்.

அணு ஆயுதத்தில் திருச்சபையின் குரல் இன்னும் கடுமையானது. அதை வைத்திருப்பதே அறநெறிக்கு முரணானது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் அறிவித்தார். இந்தியா 1974-லும் 1998-லும் பொக்ரானில் சோதனை நடத்தியது. முதலில் பயன்படுத்துவதில்லை என்பதே 2003-இல் வெளியிடப்பட்ட நமது கொள்கை. அணுக் கொள்கையை மறுஆய்வு செய்வோம் என்று பா.ஜ.க.வின் 2014 அறிக்கை சொன்னது. அணு ஆயுதங்களை அறவே ஒழிக்க வேண்டும் என்பது மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் நிலைப்பாடு. நாட்டை ஆண்ட பெரிய கட்சிகள் இரண்டும் நமது ஆயுதங்களைத் தாமாகக் கைவிட முன்வந்ததில்லை. முழுக்கச் சரியான கட்சி கிடைக்காதபோது, எது கையைக் கட்டுப்படுத்திக் கொள்ளும் என்று பார்ப்பதுதான் நமக்கு எஞ்சியிருக்கும் வழி.

நம் மாவட்டத்துக்கு இன்னொன்றும் உண்டு. 1974 ஒப்பந்தத்தால் கைமாறிய கச்சத்தீவு, 2024-இல் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு திடீரென்று தேசியச் செய்தியானது. இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினர். கடலுக்குப் போன இராமேசுவரம் மீனவர் கைதாகாமல் வீடு திரும்புவது எப்படி என்று அப்போது யாரும் விளக்கியதாக நினைவில்லை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்தனர். தமிழ்ப் பொதுமக்களும் பலியாயினர். அந்தப் போரின் அகதிகளை மண்டபம் முகாமில் நாமே பார்த்தோம். படை அனுப்பும் முடிவின் விலை இந்தக் கரையில் வந்துதான் இறங்குகிறது.

"அப்போ யாருக்குப் போட?" என்றார் அந்தத் தாய். கட்சியின் பெயரைச் சொல்வது நம் வேலையன்று. அக்னிபத் விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மகனிடம் காட்டிப் பேசுவதாகச் சொல்லி மடித்து எடுத்துக்கொண்டார்.