பூட்டிய வீட்டுக்குள் வந்த நாகம்

பல ஆண்டுகளாகப் பெங்களூரில் வாழ்ந்தும் கன்னட நாடகம் ஒன்றைக்கூடப் பார்த்திராத குடும்பங்கள் நம்மவரில் ஏராளம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது, கிரீஷ் கார்னாட் எழுதி 1988-இல் வெளிவந்த 'நாகமண்டல'. 'காதலன்' (1994) படத்தில் கவர்னராக வந்து மிரட்டினாரே, அவரேதான்.

கதை நடப்பது ஒரு கிராமத்தில். ராணி புதுப்பெண். கணவன் அப்பண்ணா அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வைப்பாட்டியிடம் போய்விடுவான். பகலில் வந்து குளித்துச் சாப்பிடுவதோடு சரி. அவள்மேல் இரக்கப்பட்ட பார்வையற்ற கிழவி குருடவ்வா வசிய வேர் கொடுக்கிறாள். வேரை அரைத்துப் போட்டதும் குழம்பு இரத்தமாய்ச் சிவக்கிறது. பயந்துபோன ராணி அதைப் புற்றில் கொட்டிவிடுகிறாள். வசியம் புற்றிலிருந்த நாகத்தைப் பிடித்துக்கொள்கிறது! இரவில் அது ஜலதாரை வழியே நுழைந்து, அப்பண்ணாவின் உருவத்தில் அவள்முன் நிற்கிறது.

பகலில் எரிந்து விழுபவனும் இரவில் கொஞ்சுபவனும் ஒருவனே என்று ராணி நம்புகிறாள். நமக்கு உண்மை தெரியும். திகில் அங்கேதான் இருக்கிறது. பேயும் இல்லை, அலறலும் இல்லை. காவலுக்குக் கட்டிய நாய் சாகிறது, பிறகு கீரியும் சாகிறது. நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதில் எனக்கு உறுத்துவது, இரண்டு ஆண்களும் அவளுக்குச் சொல்வது ஒன்றேதான்: கேள்வி கேட்காதே.

ராணி கருவுற்றதும் அப்பண்ணா பஞ்சாயத்தைக் கூட்டுகிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்துச் சத்தியம் செய்வது ஊர் வழக்கம். ராணியோ புற்றுக்குள் கையை விட்டு நாகத்தைப் பிடிக்கிறாள். எங்களோடு வந்திருந்த மாமி ஒருவர் இந்தக் கட்டத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கன்னடம் அரைகுறைதான். கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறு ஆணைத் தொட்டதில்லை என்கிறாள் ராணி. அட்சரம் பிசகாத உண்மை! நாகம் கடிக்கவில்லை. ஊரே தெய்வமென்று அவள் காலில் விழுகிறது. ஊரறிய வைப்பாட்டி வைத்திருந்த அப்பண்ணாவை மட்டும் யாரும் இரும்பைத் தொடச் சொல்லவில்லை. கௌதமர் உருவில் இந்திரன் வந்ததற்கு அகலிகை கல்லானாள்; இவள் தெய்வமானாள். இரண்டிலும் விசாரணை பெண்ணுக்குத்தான்.

இந்தக் கதையைக் கார்னாடுக்குச் சொன்னவர் நம்மவர் என்பது பலருக்குத் தெரியாது. 1929-இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜன். வீட்டில் அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். நம் பிள்ளைகள் வளர்வதும் ஏறக்குறைய அப்படித்தானே? சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, குறுந்தொகைப் பாடல்களை 1967-இல் ஆங்கிலத்தில் தந்தார். கன்னடத்தில் கவிதையும் எழுதினார். அவர் தேடித் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் பல, சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறூட்டிக்கொண்டே பாட்டிமார் சொன்னவை. கேட்டது பிள்ளைகள் மட்டுமா? பக்கத்தில் இருந்த மருமகள்களும்தான். வெளிப்படையாகப் பேச முடியாததைக் கதையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நாகபரணா 1997-இல் இதைப் படமாக எடுத்தார். கணவன், நாகம் இரண்டு வேடமும் பிரகாஷ்ராஜ். படம் நல்ல படந்தான். ஆனாலும் முதலில் நாடகத்தைப் பாருங்கள். ஜே.சி. ரோடு ரவீந்திர கலாக்ஷேத்ராவிலும், 2004-இல் திறந்த ஜே.பி. நகர் ரங்கசங்கராவிலும் என்ன நடக்கிறது என்று அவ்வப்போது விசாரித்து வையுங்கள். நாகத்தின் கதிக்குக் கார்னாட் இரண்டு முடிவு எழுதியிருக்கிறார். அவற்றை நான் இங்கே சொல்வதாக இல்லை.