கொழும்பின் அயல் – 6: கூட்டத்துக்கு யார் வருவார்?

ஹெவ்லொக் டவுனில் தமிழர் வீடு வாங்குகிறார்கள், வாடகைக்கு இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். தொடர்மாடியின் பராமரிப்புக் காசைப் பெரும்பாலும் மாதம் தவறாமல் கட்டிவிடுகிறார்கள். ஆனால் வருடாந்தப் பொதுக்கூட்டம் என்று அறிவித்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் போடப்படும் ஞாயிற்றுக்கிழமையில் அவர்களைக் காண்பது அரிது. கட்டடத்தில் கணிசமானோர் தமிழராக இருக்கும் இடங்களிலும் இதையே பார்த்திருக்கிறேன். சென்ற வாரம் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளைப் பற்றி எழுதியபோதே அடுத்தது இதுதான் என்று முடிவுசெய்துவிட்டேன்.

ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் தந்தவர் 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்; பின்னர் சென்னை மாகாணத்துக்கும் ஆளுநராகப் போனவர். பம்பலப்பிட்டிக்கும் திம்பிரிகஸ்யாயவுக்கும் நடுவே, தெற்கே வெள்ளவத்தையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது ஊர். ஹெவ்லொக் வீதியில் நிற்கும் இசிபத்தனாராமய விகாரை, 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடுத்து இராணுவச் சட்டத்தின் கீழ் சுட்டுக்கொல்லப்பட்ட ஹென்றி பேதிரிஸின் நினைவாக அவர் தந்தை கட்டியது. அந்த நாள்களின் அடக்குமுறைக்கு எதிராக இலண்டன் வரை போய் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். அந்த விகாரையைக் கடந்து தினமும் வேலைக்குப் போகும் நம்மவரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

வெள்ளவத்தை எல்லையை நெருங்கும்போது உயர்ந்து நிற்கும் ஹெவ்லொக் சிற்றி கோபுரங்கள் இருக்கும் நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதற்கு முன்னைய பத்தாண்டில் கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெரும் தலைவராக இருந்த ஏ.ஈ. குணசிங்க அப்போது மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கியிருந்தார். ஆலைத் தொழிலாளரோ கொல்வின் ஆர். டி சில்வாவைத் தலைவராகக் கொண்ட புதிய சங்கத்தில் சேர்ந்தார்கள். சிங்களவரும் மலையாளிகளும் ஒரே சங்கத்தில் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். வேறு வேறு மொழி பேசுகிறவர்கள் பொதுவான ஒரு தேவைக்காகச் சேர்ந்து உட்காருவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தொடர்மாடியில் வீடு வாங்குகிற ஒருவர் நாலு சுவரை மட்டும் வாங்குவதில்லை. படிக்கட்டு, லிப்ட், கூரை, தண்ணீர்த் தாங்கி, மதில், வாசல் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும் இந்தப் பொதுச் சொத்தைப் பார்க்கும் பொறுப்பை உரிமையாளர்களிடமே கொடுக்கின்றன. கட்டடத்துக்கென்று ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அமைகிறது. உரிமையாளர் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும், காப்புறுதி செய்வதும், அதற்கான பணத்தைத் திரட்டுவதும் அதன் கடமை. மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. அது 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி 2003இல் இந்தப் பெயரைப் பெற்றது.

ஆக, நாம் "கொமிட்டி" என்றும் சங்கம் என்றும் சொல்வது பொழுதுபோகாத நாலு பேர் கூடிக் கதைக்கும் இடமல்ல. நம்முடைய காசை எதற்குச் செலவழிப்பது, காவலாளிக்கு என்ன சம்பளம், யாருடைய கார் எங்கே நிற்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சட்டபூர்வமான சபை அது. அங்கே நாம் இல்லாவிட்டால் நமக்காக மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மூன்றாம் மாடியில் படுக்கையில் கிடக்கும் உங்கள் அம்மாவின் நிலை அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏன் போவதில்லை என்று கேட்டால் "நேரமில்லை", "சிங்களம் சரளமாக வராது", "வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு அங்கே என்ன வேலை" என்று பதில் வரும். இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை நாம் வெளியே பேசுவதில்லை. இந்த நகரத்தில் தமிழரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறியபோதெல்லாம் நல்லது நடந்ததில்லை. 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தன. போர்க்காலத்தில் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் போய் மறுநாளே இடைக்காலத் தடை வாங்கியது. சில நாளில் அப்போதைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் அந்தக் காலையை மறந்தவர் யாருமில்லை. கதவிலக்கத்துக்கு நேரே பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டு ஒரு தாள் வந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய தமிழருக்கு இன்றைக்கும் கை ஒரு கணம் நிற்கிறது. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதே 1983இல் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்கள் ஒளித்து வைத்ததால் உயிர் தப்பியவர்களும் இந்தப் பகுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு முன்னமே பழக்கம் இருந்தது. பிள்ளைகள் ஒன்றாக விளையாடியிருந்தார்கள், பண்டிகைக்குப் பலகாரம் போய் வந்திருந்தது. பழைய ஒழுங்கைகளில் அது தானாக நடந்தது. தொடர்மாடியில் ஒவ்வொருவரும் லிப்டில் ஏறி, கதவைப் பூட்டிக்கொள்கிறோம். எதிர்க் கதவுக்காரரின் பெயர் தெரியாமலே ஐந்து வருடம் போய்விடுகிறது. அயல் என்ற ஒன்றை இங்கே முயற்சியெடுத்துத்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு இப்போது இருக்கிற ஒரே இடம் இந்தச் சங்கந்தான்.

உதாரணத்துக்குக் குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் குப்பை முன்பு கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. உயர் நீதிமன்ற வழக்கை அடுத்து 2009இல் அது மீதொட்டமுல்லைக்கு மாறியது. அங்கே சுற்றி வாழ்ந்த மக்கள் பல வருடம் எதிர்ப்புக் காட்டினார்கள், மறியல் செய்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளின் பிற்பகலில் அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஹெவ்லொக் டவுன்காரர் தெருவில் வைத்த பையும் அந்த மலையில் இருந்தது. உக்குவதையும் உக்காததையும் பிரித்து வைக்கச் சொல்லி மாநகர சபை கேட்பதைத் தொல்லையாக நினைப்பவர்களுக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டும். பிரிப்பதை ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. நாற்பது வீடுகளின் குப்பை ஒரே அறையில் சேருகிற இடத்தில், நாற்பது வீடும் சேர்ந்தால்தான் அது நடக்கும்.

அதே 2017இல் டெங்கும் வந்தது. அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் பதிவானோர் 186,101 பேர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வெகுதூரம் பறக்காது. உங்கள் பிள்ளையைக் கடித்த நுளம்பு பெரும்பாலும் உங்கள் கட்டடத்திலேயே பிறந்தது: மொட்டைமாடியில் யாரோ விட்டுவைத்த பெயின்ற் வாளியில், அடைபட்ட கூரைப் பீலியில், வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீட்டுப் பல்கனியில் மழைநீர் தேங்கிய பூச்சாடித் தட்டில். நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007இல் சட்டம் வந்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து வழக்குப் போடலாம். ஆனால் மழை விட்ட மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்க ஓர் ஆளை வைத்திருப்பது சங்கம். பூட்டிய வீட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் சங்கம்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. தொடர்மாடியில் கரன்ட் இல்லையென்றால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. நிலத்தடித் தாங்கியிலிருந்து மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது, லிப்ட் ஓடாது, வாசல் கேற் திறக்காது. ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும். டீசலுக்கு வரிசை நாள்கணக்கில் நின்றது. இருக்கிற டீசலில் எதை ஓட்டுவது? லிப்டா, தண்ணீர் மோட்டரா? இதைப் பற்றி எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் இரவிரவாகப் பேச்சு நடந்தது. கீழ்மாடிக்காரருக்கு லிப்ட் தேவையில்லை. மேல்மாடியில் முழங்கால் நோவுடன் இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு லிப்ட் இல்லாவிட்டால் டயலிசிஸுக்குப் போக வழியில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் முதலில் வேண்டும்.

நல்ல சங்கம் இருந்த கட்டடங்களில் இதற்கு வழி பிறந்தது. காலையில் ஒரு மணித்தியாலம் மோட்டர். வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர்கள் முதல் நாளே சொன்னால் அந்த நேரத்துக்கு லிப்ட். காஸ் சிலிண்டர் கிடைத்த வீட்டில் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறு வெந்தது. வேலையில்லாமல் நின்ற இளம் பிள்ளைகள் வயதானவர்களுக்குத் தண்ணீர் வாளி தூக்கினார்கள். எங்கள் கட்டடத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. அவரை எல்லோரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம். எந்த வீட்டில் யார் இன்சுலின் போடுகிறார், யாருடைய குளிர்ப்பெட்டி நின்றால் மருந்து கெட்டுவிடும் என்பது அவரிடம் இருந்த கொப்பியில் எழுதியிருந்தது. அதுவும் ஒரு பட்டியல்தான். எங்கள் மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா, அதுவரை எந்தத் தாளிலும் பெயர் எழுதாதவர், அந்தக் கொப்பியில் தானே போய்ச் சொல்லி எழுதுவித்தார். "பிள்ளை, இது எங்களைக் காப்பாத்துற லிஸ்ற்" என்று எனக்குச் சொன்னார்.

சங்கம் இல்லாத கட்டடங்களிலும், பேருக்கு இருந்த கட்டடங்களிலும், பணம் உள்ளவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் சின்ன ஜெனரேற்றர் வாங்கிப் பல்கனியில் வைத்தார்கள். அதன் புகை அடுத்த வீட்டுக்குள் போனது. மேல்மாடி முதியவர்கள் வாரக்கணக்கில் கீழே இறங்கவில்லை.

இன்னொரு காரணத்தாலும் சங்கங்கள் முக்கியமாயின. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தலுக்குக் காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இரண்டு வருடத்துக்கு மேலாகக் கொழும்பு மாநகர சபையில் தெரிவான உறுப்பினர் எவரும் இல்லை. நிர்வாகம் அதிகாரிகளின் கையில் இருந்தது. கான் அடைபட்டால், தெருவிளக்கு எரியாவிட்டால், தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது. அப்போது தனி ஆள் எழுதிய கடிதத்துக்கும் சங்கத்தின் முத்திரையோடு போன கடிதத்துக்கும் இருந்த வித்தியாசத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இப்போது உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். அவர்களைக் கேள்வி கேட்கவும் ஒழுங்கான ஓர் அமைப்பு வேண்டும்.

சங்கங்களிடமும் எனக்குக் கேட்க இருக்கிறது. அறிவித்தல் பலகையில் ஆங்கிலம் மட்டும், கூட்டத்தில் சிங்களம் மட்டும் என்று வைத்துக்கொண்டு "தமிழ் ஆட்கள் வருவதில்லை" என்று சொல்வது நியாயமில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆகிவிட்டது. ஒரு பக்க அறிவித்தலைத் தமிழிலும் எழுதிக் கொடுக்க எந்தக் கட்டடத்திலும் ஒரு பள்ளிப்பிள்ளையாவது இருப்பாள். வாடகைக்காரருக்குச் சட்டப்படி வாக்கு இல்லாமல் இருக்கலாம். கதிரையும் பேச நேரமும் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கிற அரை மணித்தியாலத்தைச் சுருக்கவும் கூடாது. வெசாக் தன்சலுக்கு யார் பருப்பு வாங்குவது, தீபாவளிக்குப் பிள்ளைகளின் நிகழ்ச்சி எந்த மாடியில், நோன்புக் கஞ்சி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில்தான் பேசப்படுகின்றன.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு இங்கே வீடு வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தொடரை வாசிக்கிறார்கள் என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டுத் திறப்பு ஒன்றை அயலில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அவர் பெயரைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். பொதுக்கூட்ட அறிவித்தல் மின்னஞ்சலில் வந்தால் அதை மூடிவிடாமல், கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவருக்குப் பதிலாள் அதிகாரத்தை எழுத்தில் அனுப்புங்கள். கூட்டத்துக்குப் போதிய ஆள் சேராததால் லிப்ட் கயிறு மாற்றும் தீர்மானம் தள்ளிப்போன கட்டடங்கள் இந்த வீதியில் இருக்கின்றன.

(தொடரும்)